சாவியைத் திருப்புவதற்கு முன்: பனிக்காலம் முழுக்க நின்ற காரை மறுபடி ஓட்டுவது

டொராண்டோவில் நவம்பர் கடைசியில் நிறுத்திய காரை ஏப்ரலில் எடுப்பவர்கள் இரண்டு வகை. திறந்த கூரை வண்டியோ பழங்கால வண்டியோ வைத்திருந்து, அதை உப்புச் சாலையில் இறக்க மனமில்லாமல் கராஜில் பூட்டி வைப்பவர்கள் ஒரு வகை. குளிர் தொடங்கும்போது சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ விமானம் ஏறி, பங்குனி வெயில் சுட ஆரம்பித்ததும் திரும்பி வருகிற நம்மவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் பெரும்பாலும் பேட்டரியைக் கழற்றி, டாங்க்கை நிரப்பி, முறையாக நிறுத்துகிறார்கள். நம்மவர்களில் பலர் பெட்டிகளை எடை போட்டு முடித்த களைப்பில் காரை டிரைவ்வேயில் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். இந்த அத்தியாயம் முக்கியமாக அவர்களுக்கு.

திரும்பி வந்த மறுநாள் காலை, விமானத் தூக்கம் கண்ணை விட்டுப் போகும் முன்பே, பால் வாங்கப் போக வேண்டும் என்று சாவியைப் போட்டுத் திருப்புவதுதான் வழக்கம். அதை மட்டும் செய்யாதீர்கள். நாலைந்து மாதம் அசையாமல் நின்ற காரில் ஸ்டார்ட் செய்வது கடைசி வேலைகளில் ஒன்று. ஒரு முழுப் பகலையாவது ஒதுக்குங்கள். பாலை நடந்து போய் வாங்கிக்கொள்ளலாம்.

எந்த நாளில் எடுப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பனி உருகிவிட்டது என்பதற்காகச் சாலையில் உப்பு போய்விட்டதாக அர்த்தமில்லை. ஓரங்களில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். வண்டிகள் போகும்போது பொடியாக எழும். இரண்டு நல்ல மழை பெய்து அது கழுவப்படும் வரை காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள். கார் ஒன்றுதான், வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயம் பொருந்தும்.

சாவிக்கு முன் இன்ஷூரன்ஸ். ஊருக்குப் போகும்போது பணம் மிச்சம் பிடிக்க, சாலையில் ஓட்டுவதற்கான பாதுகாப்பை நிறுத்தி வைத்துவிட்டு, தீ, திருட்டுக்கான பகுதியை மட்டும் வைத்திருப்பது ஒன்டாரியோவில் வழக்கம்தான். அதற்கு ஓ.பி.சி.எஃப். 16 என்று படிவமே இருக்கிறது. மறுபடி உயிர்ப்பிக்க ஓ.பி.சி.எஃப். 17. இந்த இரண்டாவது படிவம் நடைமுறைக்கு வந்துவிட்டதை முகவரிடம் உறுதி செய்யாமல் தெருமுனை வரைகூட ஓட்டக் கூடாது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே குறைந்தது 5,000 டாலர் அபராதம். நம்பர் பிளேட்டில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை 2022 மார்ச்சோடு ஒழிந்தது. பதிவும் 2024 ஜூலை முதல் தானாகவே புதுப்பிக்கப்படுகிறது; ஆனால் அபராதமோ சுங்கக் கட்டணமோ பாக்கி இருந்தால் அது நடக்காது. நாம் இல்லாதபோது வந்து குவிந்த கடிதங்களைப் பிரித்துப் பாருங்கள்.

முதலில் ஒரு சுற்று

பகல் வெளிச்சத்தில் காரை ஒருமுறை சுற்றி வாருங்கள். கீழே குனிந்து தரையைப் பாருங்கள். ஈரமோ கறையோ இருந்தால் அது எந்த இடத்துக்கு நேர்கீழே இருக்கிறது, என்ன நிறம் என்று கவனித்து, கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்ப் பசையோடு ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், காரை இழுத்துச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

நிறுத்தும்போது சைலன்சர் குழாயில் துணியோ இரும்புப் பஞ்சோ அடைத்து வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். எலி நுழையாமல் இருக்க அடைப்பது நல்ல பழக்கம். அடைத்ததை மறந்துவிட்டு, எஞ்சின் ஏன் பற்றவில்லை என்று அரை நாள் தேடுகிறவர்களும் உண்டு. அடைத்த அன்றே ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டு ஒட்டி வைத்தால் போதும்.

இனி எலி. குளிரில் ஒதுங்க இடம் தேடும் சுண்டெலிக்கு நின்றுபோன கார் அரண்மனை. பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளை விடுவித்துப் பாருங்கள். அதன்பிறகு டாஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை வெளியே இழுங்கள். இதைப் பலர் பார்ப்பதில்லை. மார்க்கம் நகரில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் காரில் அந்த ஃபில்டரை மெல்ல உருவியபோது, அதன் மடிப்புகளுக்கு மேல் ஒரு சாண் அகலத்துக்குக் கூடு இருந்தது. காருக்குள் கிடந்த காகிதக் கைத்துடைப்பான்களைக் கிழித்து, பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சைப் பிய்த்து, இரண்டையும் கலந்து அடுக்கியிருந்தது. நடுவில் சூரியகாந்தி விதைத் தோல் குவியல். பக்கத்து வீட்டுக் கொல்லையில் பறவைகளுக்கு வைத்த தீனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கடத்தி வந்திருக்கிறது. பார்க்காமல் ஹீட்டரைப் போட்டிருந்தால் அந்தத் தூசியெல்லாம் அவர் முகத்தில்தான் வந்து விழுந்திருக்கும்.

இதைச் சுத்தம் செய்வதில் ஒரு எச்சரிக்கையைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். வட அமெரிக்காவின் டீர் மவுஸ் என்ற வெள்ளை வயிற்றுச் சுண்டெலியின் எச்சத்திலும் சிறுநீரிலும் ஹான்டா வைரஸ் இருக்கக்கூடும். நோய் வருவது அபூர்வம். வந்தால் நுரையீரலைத் தாக்கி உயிரைக் குடிக்கும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கவோ வாக்குவம் போட்டு உறிஞ்சவோ கூடாது. தூசி மூச்சில் ஏறும். கதவுகளை அரை மணி நேரம் திறந்து வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். கையுறையும் நல்ல முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் துடைத்து எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். கூடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒயர்கள் கடிபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். தோல் உரிந்து செம்பு தெரிந்தால் பேட்டரியை இணைக்க வேண்டாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பேட்டரி

செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பத்தில் எட்டுப் பேர் பேட்டரியைத்தான் குறை சொல்வார்கள். இந்த விஷயத்தில் அது நியாயமான சந்தேகம். பூட்டி நிறுத்திய காரும் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கிறது. திருட்டு அலாரம், சாவியின் குரலுக்குக் காத்திருக்கும் ரிசீவர், கணினிகளின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர்-மணி. நடுத்தரக் காரின் 60 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மாதத்துக்குள் முழுக்கக் காலி. கார் ஒழுங்காக இருக்கும்போதே கணக்கு இப்படி.

காலியான பேட்டரிக்கு இந்த ஊரில் இன்னொரு ஆபத்து உண்டு. நிறைவாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும். சார்ஜ் தீரத் தீர அமிலம் தண்ணீருக்கு நெருங்குகிறது. முழுக்கத் தீர்ந்தது மைனஸ் 7 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும். ஜனவரியில் அந்தக் குளிர் டொராண்டோவில் சாதாரணம். எனவே முதலில் பேட்டரியின் பக்கங்களைத் தடவிப் பாருங்கள். வயிறு உப்பியிருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ அது உறைந்து கெட்டது. அதற்குச் சார்ஜரும் போடாதீர்கள், ஜம்பர் கேபிளும் மாட்டாதீர்கள், வெடிக்கலாம். புதிது வாங்குவதுதான் வழி.

உருவம் சரியாக இருந்தால் மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பதினைந்து, இருபது டாலருக்குக் கிடைக்கிற மீட்டர் போதும். 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. 10.5 பக்கம் காட்டி அதற்கு மேல் ஏறவே மாட்டேன் என்றால் ஆறு அறைகளில் ஒன்று செத்துப்போயிருக்கலாம்.

காலியான பேட்டரிக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் காரிலிருந்து ஜம்ப் கொடுத்து ஓட்டிவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அவசரத்துக்கு அது ஒரு வழி, வழக்கமாக்க வேண்டாம். முழுக்கத் தீர்ந்த பேட்டரியை நிரப்பும் பாரம் மொத்தமும் ஆல்டர்னேட்டர் தலையில் விழுகிறது. அது சார்ஜ் உள்ள பேட்டரியைப் பராமரிப்பதற்காகச் செய்தது. இரண்டு நாள் ஆனாலும் பொறுமையாக, 4 ஆம்பியர் அளவில் மெல்ல ஏற்றும் தானியங்கிச் சார்ஜரைப் போடுங்கள். 60 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு ஒரு இரவும் மறுநாள் பாதியும் பிடிக்கும். பேட்டரியின் மேல் ஏ.ஜி.எம். என்று எழுதியிருந்தால் சார்ஜரிலும் அந்த முறையைத் தேர்ந்தெடுங்கள். சார்ஜ் ஆகும் இடத்தில் சிகரெட், தீப்பொறி எதுவும் வேண்டாம், ஹைட்ரஜன் வெளியேறும்.

முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைச் சமையல் சோடா கரைத்த தண்ணீர் ஊற்றிக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உலரவிட்டு மாட்டுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசை மாறினால் ஸ்பானர் காரின் உடம்பில் பட்டுப் பொறி பறக்கும்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள், நம் கார்தான் பேட்டரியில் ஓடுவதாயிற்றே என்று அசட்டையாக இருக்கிறார்கள். அதிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது; அது தீர்ந்தால் கணினிகள் விழிக்காது, கார் அசையாது. அதற்கும் இதே வைத்தியம்தான். ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள் எங்கே கண்ணில் பட்டாலும் அதைத் தொடாதீர்கள்.

எண்ணெய், கூலன்ட், பெட்ரோல்

டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். அளவு குறியீடுகளுக்கு நடுவில் இருந்து, நிறம் தேனாகவோ கறுப்பாகவோ இருந்தால் கவலை இல்லை. பால் ஊற்றிய தேநீர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஆயில் மூடியின் உள்பக்கம் மட்டும் லேசாக வெண்பசை இருப்பது குளிரில் படிந்த ஈரம், ஓடினால் போய்விடும். நிறுத்தும் முன்பே ஆயில் மாற்றியிருந்தால் இப்போது மாற்றத் தேவையில்லை. மாற்றாமல் போயிருந்தால், முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் சூட்டில்தான் முழுசாக வடியும்.

கூலன்ட் பாட்டிலில் அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பழகியவர்களின் எஞ்சின் குளிரில் பிளந்திருக்கும். கீழே சிந்தினால் உடனே கழுவுங்கள். தித்திப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், நஞ்சு.

பெட்ரோலைப் பற்றித் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறார்கள். நாலைந்து மாதம் மூடிய டாங்க்கில் இருந்த பெட்ரோல் இன்றைய இன்ஜெக்‌ஷன் காரில் எரியும். அதன் எளிதில் ஆவியாகும் பகுதி கொஞ்சம் போயிருக்கும். பழைய பெட்ரோலோடு புதிதாகப் பாதி டாங்க் கலந்துவிட்டால் போதும். உயர் ரகம் ஊற்ற வேண்டிய அவசியமும் இல்லை. ஓராண்டுக்கு மேல் நின்றிருந்தால் கதை வேறு. மூடியைத் திறந்ததும் வார்னிஷ் மாதிரிப் புளித்த நெடி வந்தால் வடித்தே ஆக வேண்டும். கார்புரேட்டர் உள்ள பழைய கார்களில் அதன் சின்னக் கிண்ணம் வறண்டிருக்கும். பம்ப் அதை நிரப்பும் வரை செல்ஃப் மோட்டாரைச் சூடேற்றாமல், நிறுத்தி நிறுத்திச் சுற்ற வேண்டும்.

ஸ்டார்ட்

கராஜுக்குள் இருக்கும் காரை வெளியே தள்ளிக்கொண்டு வந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். கதவு திறந்துதானே இருக்கிறது என்ற சமாதானம் உதவாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கராஜோடு ஒட்டிய வீட்டுக்குள்ளும் அது கசிந்து போகும். நியூட்ரலில் போட்டு இரண்டு பேர் தள்ளினால் சின்னக் கார் நகர்ந்துவிடும்.

உட்கார்ந்ததும் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். கெட்டியாக நிற்க வேண்டும். அப்படியே ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் வைத்திருங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ அழுத்தம் கசிகிறது. உப்புத் தின்ற பிரேக் குழாய் இந்த நாட்டில் சாதாரண நோய். இங்கே கண்டுபிடித்தால் காசோடு போகும்.

பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் ஆக்சிலரேட்டரைத் தரை வரை அழுத்திக்கொண்டு செல்ஃப் எடுத்தால், கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். எஞ்சின் வெறுமனே சுற்றும். ஐந்து முதல் எட்டு நொடி அப்படிச் சுற்றுங்கள். மாதக்கணக்கில் கீழே வடிந்துவிட்ட ஆயில் மேலே ஏறி, உராயும் இடங்களை நனைக்கும். தவறிப் பற்றிக்கொண்டால் உடனே காலை எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம் விட்டு, காலை எடுத்துவிட்டு, முறையாக ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாதீர்கள்.

பற்றியதும் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் யோசிக்காமல் நிறுத்துங்கள். முதல் நொடிகளில் டிக் டிக் என்ற தட்டல், பெல்ட்டின் கிறீச், சைலன்சரில் வெள்ளை ஆவி, ஒரு கணம் நீலப் புகை, இவை நின்றுபோனால் பொருட்படுத்த வேண்டாம். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை தொடர்ந்து, தித்திப்பான வாசனை அடித்தால் கூலன்ட் எரிகிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் ஏ.பி.எஸ். போன்ற சில விளக்குகள் எரியலாம். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒருமுறை திருப்பி, கொஞ்ச தூரம் ஓட்டினால் பலவும் தாமாக அணையும்.

நிற்கிறதா?

எஞ்சின் ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பற்றாத கார் வீட்டில் நிற்கும், யாருக்கும் கெடுதல் இல்லை. நிற்காத கார் தெருவில் இருக்கும். நாலைந்து மாத ஈரம் முதலில் பிடிப்பது பிரேக்கைத்தான்.

சக்கரத்தின் கைகளுக்கு இடையே டார்ச் அடித்து டிஸ்க்கைப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு தூவியது போல் பரவியிருந்தால் பயமில்லை. முதல் நாலைந்து பிரேக்கில் சர்ரென்று உரசிப் போய்விடும், டிஸ்க் மறுபடி பளபளக்கும். பிரேக் பேட் அழுத்திக்கொண்டிருந்த இடத்தில் அதன் வடிவம் அச்சாகப் பதிந்திருக்கும். அது ஆழமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் மிதி துடிப்பதைக் காலில் உணர்வீர்கள். நகத்தில் தட்டுப்படும் அளவு குழி விழுந்து, அடுக்கடுக்காகத் துரு உரியும் டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்தியிருந்தால் பின்சக்கரம் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். டிரைவில் மெல்ல ஒரு அங்குலம், ரிவர்ஸில் ஒரு அங்குலம் என்று ஆட்டிப் பாருங்கள். டப் என்ற சத்தத்தோடு விடும். விடவில்லை என்றால் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிய்க்கப் பார்க்காதீர்கள். சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றிலும் சுத்தியால் தட்ட வேண்டும். ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் தலையை விடாதீர்கள், கீழே ஸ்டாண்ட் வையுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, சமதளத்தில், ‘பி’ கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுப் போங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறினால் அது 155 டிகிரி வரை இறங்கலாம். மாற்றி இரண்டு ஆண்டு ஆகிவிட்டதா என்று பழைய பில்லைத் தேடிப் பாருங்கள்.

டயர்

மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. காற்று தானாகவே குறையும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. ஸ்டெப்னிக்கும் சேர்த்துப் பிடியுங்கள். ஒரே இடத்தில் நின்றதால் டயர் அடிப்பக்கம் தட்டையாகி, முதலில் தட் தட்டென்று அதிரும். இருபது, முப்பது கிலோமீட்டரில் சூடாகிச் சரியாகிவிடும். டயர் பக்கத்தில் டாட் எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்களையும் படியுங்கள்: 2316 என்றால் 2016-இன் 23-ஆவது வாரம் செய்தது. இவ்வளவு வயதான ரப்பரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் காற்றடித்து ஏமாற வேண்டாம்.

முதல் ஓட்டம்

நேராக 401 நெடுஞ்சாலைக்கு ஏறாதீர்கள். ஆளில்லாத வாகன நிறுத்துமிடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பிரேக், 40-இல் இன்னொன்று. ஒரு பக்கம் இழுக்கிறதா, மிதி துடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு உள்தெருக்களில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிடுவதால் பேட்டரியும் சரியாக ஏறாது, சைலன்சருக்குள் தேங்கிய தண்ணீரும் வற்றாது. வசந்த காலத்துப் பள்ளங்களை ஒதுக்கி ஓட்டுங்கள்.

திரும்பி வந்ததும் நான்கு சக்கரங்களுக்கும் அருகே புறங்கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். மூன்று ஒரே மாதிரி இருக்க ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த பயணம் கிடையாது.

எஞ்சினுக்கு அடியில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். மாதக்கணக்கில் காய்ந்திருந்த ரப்பர் சீல்கள் சூடு பட்ட பிறகுதான் கசிய ஆரம்பிக்கும். காலையில் அட்டையில் பழுப்போ கறுப்போ விழுந்திருந்தால் எஞ்சின் ஆயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் கியர் ஆயில். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்றால் கூலன்ட். முதல் நாள் எடுத்த தரைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே நேரத்தில் பேட்டரியையும் மீட்டரில் பாருங்கள். முந்தைய நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றியும் இப்போது 12.4-க்குக் கீழே காட்டினால் அது இனிச் சார்ஜைப் பிடித்து வைக்காது, புதிது வாங்குங்கள். குளிர்கால டயரைக் கழற்றிச் சாதா டயர் மாட்டியவர்கள், 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை டார்க் ஸ்பானர் வைத்து மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.